கப்பல் வராத காலத்துப் பயறு

சென்ற வாரம் ஒன்பதாம் வகுப்பில் வரலாற்றுப் பாடம். பாடத்தை விட்டுக் கொஞ்சம் விலகி ஒரு கேள்வி கேட்டேன்.

"நேற்று உங்கள் வீட்டில் சமைத்த பருப்பு எந்த ஊரில் விளைந்தது?"

"அனுராதபுரம்" என்றான் ஒருவன். "தம்புள்ளை" என்றாள் ஒருத்தி. "மைசூர்" என்று மூன்றாவது பிள்ளை சொன்னதும் வகுப்பே சிரித்தது. ஆனால் அந்தப் பிள்ளைதான் கொஞ்சமாவது யோசித்திருந்தது. பெயரிலேயே ஊர் இருக்கிறதே!

மூன்று விடையும் பிழை. நாம் அன்றாடம் ஆக்கும் சிவப்புப் பருப்பு இந்த நாட்டில் விளைவதில்லை. அது குளிர் கேட்கும் பயிர். இப்போது பெரும்பாலும் கனடாவிலிருந்தும் அவுஸ்திரேலியாவிலிருந்தும் கப்பலில் வருகிறது. அதன் பெயர் மசூர். நம் வாயில் அது மைசூர் ஆகிவிட்டது.

"அப்ப, கப்பல் வராத காலத்தில என்ன சேர் சாப்பிட்டாங்க?" என்று ஒரு பிள்ளை கேட்டாள். மணி அடித்துவிட்டது. அவளுக்குக் கடன்பட்ட விடைதான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுத்து வாசியுங்கள்.

*

1660இல் மூதூருக்கு அருகே கொட்டியாரக் குடாவில் ஓர் ஆங்கிலக் கப்பல் வந்து நின்றது. அதில் வந்தவர்களில் சிலர் கண்டி அரசனின் ஆட்களிடம் பிடிபட்டார்கள். அவர்களில் ஒருவர் ரொபர்ட் நொக்ஸ். ஏறத்தாழ 20 வருடங்கள் இந்த நாட்டில் கைதியாக இருந்து, தப்பிப் போய், 1681இல் லண்டனில் ஒரு புத்தகம் வெளியிட்டார். இங்குள்ளவர்கள் விளைவிக்கும் தானியங்களைப் பற்றி அதில் எழுதியிருக்கிறார். நெல்லும் குரக்கனும் அதில் இருக்கின்றன. அவற்றோடு நெற்றில் விளையும் ஒரு தானியத்தைச் சிங்களப் பெயராலேயே 'மூங்' என்று குறிப்பிடுகிறார். அது வேறொன்றுமில்லை, நம்முடைய பாசிப்பயறு.

சேனையில் குரக்கனோடும் எள்ளோடும் பயறு விதைப்பது மிகப் பழைய வழக்கம். அதற்காக எல்லாப் பயறும் இந்த மண்ணில் பிறந்தவை என்று நினைக்க வேண்டாம். பாசிப்பயறும் உளுந்தும் இந்தியாவில் பயிராக்கப்பட்டவை. கௌபியின் தாய்நாடு ஆபிரிக்கா. நாம் கறியாக்கும் போஞ்சி அமெரிக்கக் கண்டத்துப் பயிர். அதன் பெயர்கூட ஒல்லாந்தர் விட்டுச் சென்றது. அவர்கள் மொழியில் 'சிறு அவரை' என்று பொருள்படும் சொல்தான் இங்கே போஞ்சி ஆனது.

ஆக, ஒரு பயிரை நம்முடையது என்று சொல்ல அதற்குப் பிறப்புச் சான்றிதழ் தேவையில்லை. எந்த விதையை எடுத்துவைத்து அடுத்த மாரிக்கு மறுபடி விதைக்கிறோமோ, அது நம்முடையது. இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே வாசியுங்கள்.

*

பிரித்தானியர் காலத்தில் நாடு கோப்பி, தேயிலை, இறப்பர், தெங்கு என்று ஏற்றுமதிக்குத் திரும்பியது. சோற்றுக்கு அரிசி பர்மாவிலிருந்து வந்தது. 1942 மார்ச்சில் ஜப்பானியர் ரங்கூனைப் பிடித்ததும் அந்த அரிசி நின்றது. அரிசி பங்கீட்டுக்கு வந்தது. கூப்பன் என்ற சொல் நம் வீடுகளுக்குள் நுழைந்தது அப்போதுதான். உணவு உற்பத்தியைப் பெருக்குங்கள் என்று அரசாங்கம் பிரசாரம் செய்தது. என் உம்மம்மாவுக்கு அப்போது பத்து வயதிருக்கும். "குரக்கன் புட்டும் அவிச்ச பயறும் தின்டுதான் நாங்க வளர்ந்தோம்" என்று அடிக்கடி சொல்வார். பெருமையும் இல்லாமல் கவலையும் இல்லாமல் சொல்வார்.

இரண்டாவது முறை 1970களில் வந்தது. சிறிமாவோ பண்டாரநாயக்க பிரதமர், கலாநிதி என்.எம். பெரேரா நிதியமைச்சர். அந்நியச் செலாவணி இல்லை. 1973இல் உலகச் சந்தையில் எண்ணெய் விலையும் தானிய விலையும் ஏறின. பருப்பு, மிளகாய், வெங்காயம், உருளைக்கிழங்கு என்று பல பொருட்களின் இறக்குமதி தடுக்கப்பட்டது அல்லது வெட்டப்பட்டது. பாணுக்கு விடியப்புறமே வரிசை. ஒரு மாவட்டத்திலிருந்து இன்னொரு மாவட்டத்துக்கு அரிசி கொண்டுபோவதைத் தடுக்க வீதியில் தடை போட்டுச் சோதித்தார்கள்.

அந்தக் காலத்தைப் பற்றி இரண்டு கதைகள் உண்டு. பசியின் கதையைச் சொல்பவர்கள் பொய் சொல்லவில்லை. யாழ்ப்பாணத்தில் மிளகாயும் வெங்காயமும் செய்து கல்வீடு கட்டிய கதையைச் சொல்பவர்களும் பொய் சொல்லவில்லை. இந்த இரண்டுக்கும் நடுவில், யாரும் எழுதாத மூன்றாவது கதை வளவுக்குள் நடந்தது. பருப்பு இல்லாத இடத்தைக் கௌபியும் பாசிப்பயறும் நிரப்பின. வறண்ட பிரதேசப் பயிர்களுக்கான ஆராய்ச்சி மகா இலுப்பள்ளமவில் நடந்தது. எம்.ஐ. 35 என்ற கௌபி இனத்தின் பெயரில் உள்ள இரண்டு எழுத்தும் அந்த ஊரின் முதலெழுத்துகள்தான்.

1977இல் ஆட்சி மாறியது, இறக்குமதி திறந்துவிடப்பட்டது. பருப்பு திரும்பி வந்தது. பத்து நிமிடத்தில் வேகும் பருப்புக்கு முன்னால், இரவு ஊறவைத்துக் காலையில் அவிக்கும் கௌபி என்ன செய்யும்? மெல்ல மெல்ல அடுப்படியை விட்டு வெளியேறியது. யாரையும் குறை சொல்ல முடியாது. விறகுக்கும் தண்ணீருக்கும் அலைந்த பெண்களுக்கு அது பெரிய நிம்மதி.

*

எங்கள் வீட்டில் மட்டும் அது போகவில்லை. முசலிப் பக்கத்தில் எங்கள் பழைய வளவின் வேலி முழுக்க ஒரு கொடிப்பயறு படர்ந்திருக்கும். வெள்ளையில் கருஞ்சிவப்புப் புள்ளி. 'புள்ளிப்பயறு' என்போம். மாரி மழையோடு ஊன்றினால் தை மாதத்தில் நெற்று காயும். உம்மம்மா விடியப்புறத்தில் பனி ஈரம் காயுமுன்னே நெற்று ஆய்வார். வெயில் ஏறினால் நெற்று வெடித்துப் பயறு மண்ணில் சிந்திவிடும். இரண்டு மூன்று நாள் காயவைத்து, சூடு ஆறிய பிறகுதான் போத்தலில் போடுவார். சூட்டோடு போட்டால் உள்ளே வியர்த்துப் பூஞ்சணம் பிடிக்கும். அரித்த சாம்பலைக் கலந்து கழுத்துவரை நிரப்பி, இறுக்க மூடி, அடுப்புக்கு மேலே புகை படும் இடத்தில் கட்டித் தொங்கவிடுவார். பயற்று வண்டு வயலிலேயே நெற்றில் முட்டை இட்டுவிடும். சாம்பலும் புகையும் அதற்காகத்தான்.

1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டார்கள். எனக்கு அப்போது ஒன்பது வயது. கையில் பிடித்த பைகளோடு புறப்பட்டோம். உடுப்பு, குர்ஆன், உறுதிக் காகிதம், தம்பிக்குப் பால்மா. விதைப் போத்தலை யாரும் நினைக்கவில்லை. யார்தான் நினைப்பார்கள்? இரண்டு கிழமையில் திரும்பிவிடுவோம் என்றல்லவா நினைத்தோம். அந்த மாரிக்கு விதைக்க வேண்டிய பயறு அடுப்புக்கு மேலேயே தொங்கிக்கொண்டிருந்தது.

புத்தளத்தில் ஓலைக் கொட்டிலில், நிவாரண அட்டைக்கு அரிசி, மா, சீனி, பருப்பு கிடைத்தது. உம்மம்மா அந்தப் பருப்பை நன்றியோடுதான் சமைத்தார். ஆனால் ஒவ்வொரு முறை மழை இருட்டும்போதும், "புள்ளிப்பயறு ஊன்டுற நேரம்" என்று சொல்வார். ஊன்ற நிலமும் இல்லை, விதையும் இல்லை. அந்த வளவை மறுபடி காணாமலே மௌத்தாகிவிட்டார். யுத்தம் முடிந்து ஊருக்குப் போய்ப் பார்த்தபோது வேலி இருந்த இடத்தில் காடு. பயறு ஒருவர் ஊன்றினால்தான் வரும். இருபது வருடம் யாரும் ஊன்றாத பயறு அங்கே இருக்கவில்லை.

*

2021இல் இரசாயனப் பசளைக்குத் தடை. 2022இல் நாட்டிடம் டொலர் இல்லை. பருப்பின் விலை கேட்டுக் கடையில் வாயடைத்து நின்றதை நீங்களும் மறந்திருக்க மாட்டீர்கள். அந்த ஜூனில் அரச ஊழியர்களுக்கு வெள்ளிக்கிழமை லீவு கொடுத்து வீட்டில் பயிர் செய்யச் சொன்னார்கள். 1942இல் சொன்னதே, 80 வருடத்துக்குப் பிறகு மறுபடியும்!

பெற்றோல் இல்லாமல் பள்ளிக்கூடமும் அடைபட்டிருந்தது. நானும் கடையில் கௌபி வாங்கிக் கிணற்றடியில் ஊன்றினேன். மாட்டெருவை அள்ளிக் கொட்டினேன். கொடி காடாக வளர்ந்தது, ஒரு காய் இல்லை. உம்மா வந்து பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"மகன், பயத்துக்கு இவ்வளவு சாப்பாடு வெக்கப் படாது. வயிறு நெறஞ்சா அது காய்க்காது."

அதில் விஞ்ஞானம் இருக்கிறது. பயற்றின் வேர் முடிச்சுகளில் வாழும் பற்றீரியா காற்றிலுள்ள நைதரசனைப் பிடித்துக் கொடுக்கிறது. மேலும் நைதரசனைக் கொட்டினால் இலைதான் மிஞ்சும். பசளை இல்லாத வருடத்தில் நாடு முதலில் நினைத்திருக்க வேண்டிய பயிர் அது. பட்டம் பெற்ற ஆசிரியனான எனக்கு அது தெரியவில்லை, எட்டாம் வகுப்போடு நின்ற உம்மாவுக்குத் தெரிந்தது.

சமையலிலும் அப்படித்தான். என் பயறு எவ்வளவு அவித்தும் வேகவில்லை. எங்கள் கிணற்றுத் தண்ணீர் கல்லுத் தண்ணீர். அதிலுள்ள சுண்ணாம்பு பயற்றின் தோலை இறுக்கிவிடும். உம்மா மழைத் தண்ணீர் பிடித்து ஊறவைத்து, அதிலேயே அவித்தார். வெந்த பிறகுதான் உப்பு. புளி சேர்ப்பதானால் அதற்கும் பிறகு. தேங்காய்ப்பூ, வெங்காயம், செத்தல் மிளகாய், கறிவேப்பிலை. அந்த வருடம் எங்கள் காலைச் சாப்பாடு பல நாள் அதுதான்.

ஆக, அந்தப் பிள்ளைக்கு என் விடை இது. கப்பல் வராத ஒவ்வொரு முறையும் வளவுதான் நமக்குச் சோறு போட்டது. கப்பல் வந்ததும் நாம் வளவை மறந்தோம். முன்பெல்லாம் மறந்தாலும் ஒரு மூலையில் யாரோ ஒரு உம்மம்மாவின் அடுப்புக்கு மேலே ஒரு போத்தல் தொங்கியது. அடுத்த முறை தொங்குமா?

மாரி தொடங்கப் போகிறது. வாசித்தவர்கள் ஒரு கைப்பிடி பயறு ஊன்றுங்கள். காய்த்ததில் பாதியைத் தின்னுங்கள், மீதியைப் போத்தலில் வையுங்கள்.

இன்னொரு வேண்டுகோளும் உண்டு. வெள்ளையில் கருஞ்சிவப்புப் புள்ளி போட்ட கொடிப்பயறு உங்கள் ஊரில் எவரிடமாவது இருந்தால், என்ன பெயர் சொன்னாலும் பரவாயில்லை, ஒரு படம் எடுத்துப் போடுங்கள். உம்மாவுக்குக் காட்ட வேண்டும். பத்து விதை கிடைத்தால் போதும்.