கல்யாணத்தில் தொடங்கிய பீர் திருவிழாவும் திருப்பதி கங்கம்மாவும்

மியூனிக் அக்டோபர்ஃபெஸ்ட்டுக்கு ஜோடியாகப் போய்வந்தவர்களிடம் என்ன பார்த்தீர்கள் என்று கேளுங்கள். ஒரு லிட்டர் பீர் குவளை, பிரெட்ஸல், பெஞ்ச் மேல் ஏறி நின்று பாடும் கூட்டம் என்று பதில் வரும். குடிக்காதவர்கள் ராட்டினத்தைச் சொல்வார்கள். அது ஒரு கல்யாணக் கொண்டாட்டமாகத் தொடங்கியது என்று சொல்பவர்கள் குறைவு. எங்கள் வீட்டுத் தங்கமணிக்குச் சொந்த ஊர் சித்தூர். இந்தக் கதையைச் சொன்னதும், "எங்க கங்கம்மா ஜாத்திரையும் கல்யாணப் பொண்ணுங்க கதைதானே?" என்றார். அட, ஆமாம்! அதனால் இந்தப் பதிவில் இரண்டு கதையும்.

முதலில் மியூனிக். 1810 அக்டோபர் 12-ல் பவேரியாவின் பட்டத்து இளவரசர் லுட்விக், தெரேஸ் என்ற இளவரசியை மணந்தார். ஊர் மக்களையும் கொண்டாட அழைத்தார்கள். ஐந்து நாள் கழித்து, நகர வாசலுக்கு வெளியே ஒரு புல்வெளியில் குதிரைப் பந்தயம் நடந்தது. இன்று நாம் பார்க்கும் பிரம்மாண்டமான பீர் கூடாரங்கள் அப்போது கிடையாது. அவை வந்தது 1890களில்தான். மணப்பெண்ணின் பெயரால் அந்த இடத்துக்கு தெரேசியன்வீசே என்று பெயர் வைத்தார்கள். 'தெரேஸின் புல்வெளி' என்று அர்த்தம். இன்றும் அதே இடம், அதே பெயர்.

சரி, அந்த மணப்பெண் என்ன ஆனார்? 1825-ல் கணவர் அரசரானார், இவர் அரசியானார். 1835-ல் இருவரின் வெள்ளிவிழாத் திருமண நாளுக்காகத் திருவிழாவில் பாரம்பரிய உடை ஊர்வலம் நடத்தினார்கள். இப்போது நடக்கும் உடை ஊர்வலத்துக்கு அதுதான் முன்னோடி. ஆனால் அரசர் மற்ற பெண்களோடு வைத்திருந்த தொடர்புகள் ஊரறிந்த விஷயம். லோலா மான்டெஸ் என்ற நடனக்காரி விவகாரம் பெரிதாகி, 1848-ல் நாட்டில் கலவரமும் சேர்ந்துகொள்ள, முடி துறந்தார். 1854-ல் மியூனிக்கில் காலரா. அந்த வருஷம் திருவிழா ரத்து. அக்டோபர் 26-ல் அதே காலராவில் தெரேஸ் இறந்துபோனார். யாருடைய கல்யாணத்துக்காகத் தொடங்கினார்களோ, அவர் இறந்த வருஷத்தில் திருவிழாவே இல்லை.

இப்போது நம்ம பக்கம் வருவோம். 1911-ல் உருவான சித்தூர் மாவட்டம் 1953-ல் ஆந்திரா பிரியும் வரை சென்னையோடுதான் இருந்தது. திருத்தணி 1960-ல் தமிழ்நாட்டுக்கு வந்தது. திருப்பதி 2022-ல் தனி மாவட்டமானது. எல்லைக்கோடு எங்கே போனாலும் அம்மன் திருவிழா இரண்டு பக்கமும் ஒரே மாதிரிதான். சித்தூரில் நடுவீதி கங்கம்மா, திருப்பதியில் தாத்தய்யகுண்டா கங்கம்மா. இரண்டு ஜாத்திரையும் மே மாதத்தில் வரும்.

திருப்பதிக் கதை இது. அந்த ஊர் பாளையக்காரன் ஒருவன், புதிதாகக் கல்யாணமான பெண்கள் முதலில் தன்னிடம் வர வேண்டும் என்று கொடுமை செய்துவந்தான். கங்கம்மா மீதும் கை வைக்கப் பார்த்தான். அவள் தன் உண்மை உருவத்தைக் காட்டியதும் ஓடி ஒளிந்துகொண்டான். அவள் நாளுக்கொரு வேஷத்தில் தேடினாள். கடைசியில் துரை வேஷத்தில் வந்தாள். பெரிய மனிதர் வந்திருக்கிறாரே என்று கும்பிட வெளியே வந்தவனின் தலையை வெட்டினாள்.

நம் ஊரில் பூச்சாட்டுதல் போல அங்கே 'சாட்டிம்பு'. அதோடு ஜாத்திரை தொடங்கும். பைராகி, பண்ட, தோட்டி, துரை, மாதங்கி என்று வேஷங்கள் வரிசையாக வரும். பண்ட வேஷக்காரர்கள் வாயில் வருவது எல்லாம் கெட்ட வார்த்தை. யாரும் கோபித்துக்கொள்ளக் கூடாது :-) ஆண்கள் நேர்ந்துகொண்டு புடவை கட்டி, பூ வைத்து, நகை போட்டுக் கோவிலுக்குப் போவார்கள். அம்மாவோ அக்காவோ மனைவியோதான் கட்டிவிடுவது. ஏழுமலையானுக்குக் கங்கம்மா தங்கை முறை என்பதால் திருமலையிலிருந்து சீராகப் புடவை, மஞ்சள், குங்குமம் வரும். கடைசியில் கோவில் முன்னால் களிமண்ணில் அம்மனின் பெரிய முகம் செய்து, பிறகு அதைக் கலைப்பார்கள். அந்த மண்ணில் ஒரு துண்டு கிடைக்காதா என்று கூட்டம் முண்டியடிக்கும்.

எனக்குத் தோன்றுவது இதுதான். மியூனிக்கில் மணப்பெண்ணின் பெயர் மிஞ்சியது, அவர் பட்டது மறந்துவிட்டது. திருப்பதிக் கதையில் எந்த மணப்பெண்ணுக்கும் பெயரே கிடையாது. ஆனால் அவர்கள் பட்டதை வருஷா வருஷம் ஊரே நினைக்கிறது. அதுவும் ஆம்பளைகள் ஒருநாள் புடவை கட்டி நடந்து நினைக்கிறார்கள்.

இரண்டு திருவிழாவுக்கும் ஜோடியாகப் போகலாம். மியூனிக் போனால், ரயில் நிலையத்தில் தெரேசியன்வீசே என்ற பலகையைப் பார்த்ததும் இந்த அரசியின் கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். மே மாதத்தில் ஊருக்குப் போய் மலையேறினால், இறங்கும்போது தாத்தய்யகுண்டாவுக்கும் ஒரு நடை போய் வாருங்கள். அண்ணனைப் பார்த்துவிட்டுத் தங்கையைப் பார்க்காமல் வரலாமா?