மதுரை அளித்த சிந்தாமணி

பாரதம் பயிலும் மாணவன் ஒரு முனிவர் பெயரைக் காண்கிறான். வரலாறு பயில்பவன் ஓர் அரசன் பெயரைக் காண்கிறான். அவர் யாவர், எக்காலத்தவர், யாது செய்தார் என அறிய எந்நூலைப் புரட்டுவது? நூற்றிருபது ஆண்டுகளுக்கு முன் இவ்வினாவிற்குத் தமிழில் விடை காண்பது எளிதாக இல்லை.

நம் முன்னோர் இத்துறையை அறவே மறந்தவரல்லர். திவாகரம், பிங்கலம், சூடாமணி முதலிய நிகண்டுகள் செய்யுளால் ஆகியவை. மனனம் செய்தற்கு ஏற்றவை. ஆயினும் அவை சொல்லுக்குப் பொருள் கூறுமேயன்றி, ஒருவரது வரலாற்றை விரித்துரையா. பிரான்சு நாட்டில் தீதரோ முதலியோரின் கலைக்களஞ்சியம் 1751 முதல் 1772 வரை 28 தொகுதிகளாக வெளிவந்தது. தமிழில் இவ்வழியில் முன்னடி வைத்தவர் யாழ்ப்பாணத்து ஆ. முத்துத்தம்பிப் பிள்ளை, அவரது 'அபிதான கோசம்' 1902-இல் வெளியாயிற்று.

அதே காலத்தில் சென்னையில், பச்சையப்பன் பள்ளித் தமிழாசிரியர் ஆ. சிங்காரவேலு முதலியார் இதனினும் பெரிய பணியில் தனியொருவராய் ஈடுபட்டிருந்தார். புராண மாந்தர், புலவர், மன்னர், தலங்கள், நூல்கள் எனப் பல்துறைச் செய்திகளையும் திரட்டி, அகர வரிசையில் அமைத்தார். ஏறத்தாழ இருபது ஆண்டு உழைப்பு அது. எழுதி முடித்தும் என்? ஆயிரம் பக்கத்திற்கு மேற்பட்ட நூலை அச்சிடுதல் ஓர் ஆசிரியரின் ஊதியத்தால் ஆவதொன்றோ?

இங்கேதான் மதுரை முன்வருகிறது. பாலவநத்தம் ஜமீன்தார் பாண்டித்துரைத் தேவர் 1901-இல் மதுரைத் தமிழ்ச் சங்கத்தை நிறுவினார். சொற்பொழிவாற்ற மதுரைக்கு வந்தபோது, கம்பராமாயணமும் திருக்குறளும் கேட்டும் கிடைக்காமையே அவரை இப்பணிக்குத் தூண்டியது என்பர். முதலியாரின் நிலையை அறிந்த தேவர் துணைநிற்க, 1910-இல் 'அபிதான சிந்தாமணி' சங்கத்தின் வெளியீடாக வந்தது. அபிதானம் என்பது பெயர். சிந்தாமணி என்பது நினைத்ததைத் தரும் மணி. மறு ஆண்டிலேயே தேவர் தம் 44-ஆம் வயதில் மறைந்தார். முதலியாரோ நூலை மேலும் விரித்தெழுதி, 1931-இல் காலமானார். விரிந்த அப்பதிப்பை 1934-இல் அவர் மைந்தர் வெளியிட்டார்.

மாணவர்கள் ஒன்றை உளங்கொள்ளல் வேண்டும். இந்நூலில் புராணச் செய்தியும் வரலாற்றுச் செய்தியும் அருகருகே நிற்கும். இவ்விரண்டையும் பிரித்தறிதல் படிப்பவர் கடமை. ஓர் அரசனின் காலத்தை அறிய விழைவோர் கல்வெட்டு ஆராய்ச்சி நூல்களோடும் ஒப்புநோக்குக. புராணக் கிளைக்கதைகளுக்கும் புலவர் பற்றிய மரபுச் செய்திகளுக்கும் இந்நூல் இன்றும் உறுதுணையே.

பின்னர், தனியொருவர் சுமந்த பாரத்தைப் பலர் கூடிச் சுமக்கும் காலம் வந்தது. தமிழ் வளர்ச்சிக் கழகம், இசைப்புலமை மிக்க பெ. தூரனை முதன்மையாசிரியராகக் கொண்டு, 1954 முதல் 1968 வரை கலைக்களஞ்சியத்தைப் பத்துத் தொகுதிகளாக வெளியிட்டது. அறிவியலும் அரசியலும் இசையும் அதில் தமிழிலேயே விளக்கம் பெற்றன.

உங்கள் நூலகத்தில் இவ்விரு நூல்களும் இருத்தல் கூடும். நீங்கள் அறிந்த ஒரு பெயரை இரண்டிலும் தேடி, அவை கூறுவனவற்றை ஒப்பிட்டுப் பாருங்கள். ஆராய்ச்சிக்கு அதுவே நல்ல தொடக்கம்.