மலையடியில் தறி, கடலோரத்தில் சந்தை

திருத்தணி மலையின் 365 படிகளை ஏறி இறங்கியவர்கள், அடிவாரக் கடைவீதியில் பஞ்சாமிர்தமும் பொம்மையும் வாங்கிக்கொண்டு அப்படியே ஊர் திரும்பிவிடுவதுதான் வழக்கம். முருகனைப் பார்க்க வந்தவர்கள் கடலைப் பற்றி நினைக்க வேண்டிய அவசியம் என்ன? ஆனால் அந்த மலை நிற்கும் திருவள்ளூர் மாவட்டத்தின் கிழக்குக் கோடியில், பொன்னேரி தாண்டி, பழவேற்காடு இருக்கிறது. மலையைச் சுற்றியுள்ள ஊர்களில் விசைத்தறிகள் நெய்து தள்ளும் கட்டம் போட்ட லுங்கிக்கும் அந்தக் கடற்கரை ஊருக்கும் நானூறு ஆண்டு உறவு உண்டு. கடலோர ஊர்களின் பழைய சந்தைகளைத் தேடிப் போகிறவர்கள் இந்த இரண்டு ஊர்களையும் ஒரே பயணத்தில் சேர்த்துப் பார்ப்பது நல்லது. ஒன்றில்லாமல் மற்றொன்று புரியாது.

விஜயநகர ஆட்சியில் பழவேற்காடு கிழக்குக் கடற்கரையின் பெரிய துறைமுகங்களில் ஒன்று. பதினாறாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் போர்த்துகீசியர் வந்தார்கள். மகிமை மாதா ஆலயம் அவர்கள் காலத்தில் தொடங்கியது. அவர்களை அடுத்து வந்த டச்சுக்காரர்கள் 1613இல் இங்கே கெல்ட்ரியா கோட்டையைக் கட்டி முடித்தார்கள். கோட்டையின் தலைவராக இருந்த வெம்மர் வான் பெர்ஹெம் பிறந்த மாகாணத்தின் பெயர் அது. 1690 வரை சோழமண்டலக் கரையில் டச்சுக் கிழக்கிந்திய நிறுவனத்தின் தலைமையிடம் இந்த ஊர்தான்.

அவர்கள் இங்கே தேடி வந்தது துணி. கிராம்பும் ஜாதிக்காயும் மொலுக்கா, பாண்டா தீவுகளில் விளைந்தன. அந்தத் தீவுக்காரர்கள் சரக்குக்கு மாற்றாக ஆசையோடு வாங்கியது சோழமண்டலத் துணியை. ஐரோப்பாவிலிருந்து வெள்ளி இங்கே வரும், இங்கிருந்து துணி தீவுகளுக்குப் போகும், தீவுகளிலிருந்து வாசனைச் சரக்கு ஐரோப்பாவுக்குப் போகும். இந்தச் சுற்றின் நடுக்கண்ணி பழவேற்காட்டுச் சந்தை.

அந்தச் சந்தையில் வெள்ளைக்காரன் தறிக்காரனிடம் நேராகப் பேசியதில்லை. மலையா, சின்னண்ணா என்ற செட்டிச் சகோதரர்களைப் போன்ற பெருவணிகர்கள் நடுவில் நின்றார்கள். அவர்களிடம் டச்சுக்காரர்கள் முன்பணம் கொடுப்பார்கள். அது தரகர் கைமாறி உள்நாட்டு ஊர்களின் நெசவாளர் வீட்டுக்கு நூலாகவும் கூலியாகவும் போய்ச் சேரும். மாதங்கள் கழித்துத் துணி வந்ததும் கோட்டையில் நீளம், அகலம், நூல் நெருக்கம் எல்லாம் பார்த்துத் தரம் பிரிப்பார்கள். தரம் குறைந்தால் விலை குறையும், கடன் அப்படியே நிற்கும். சிவப்புக்குச் சாயவேர், நீலத்துக்கு அவுரி. கடற்கரை மணலில் விளையும் சாயவேரின் சிவப்பு, துவைக்கத் துவைக்க மங்காமல் நின்றதுதான் இந்தக் கரைத் துணிக்குக் கடல் கடந்த மதிப்பைத் தேடித் தந்தது.

துணியோடு மனிதர்களும் ஏற்றுமதியானார்கள். பஞ்சம் வந்த ஆண்டுகளில் தம்மையும் பிள்ளைகளையும் விற்றுக்கொண்ட ஆயிரக்கணக்கானோர் இந்தத் துறையிலிருந்து படேவியாவுக்கு (இன்றைய ஜகார்த்தா) அடிமைகளாகக் கப்பலேற்றப்பட்டனர். பழவேற்காட்டின் பெருமையைப் பேசும் எவரும் இதை விட்டுவிட்டுப் பேசக் கூடாது.

1639இல் தெற்கே சென்னை பிறந்தது. டச்சுத் தலைமை நாகப்பட்டினத்துக்கு மாறியது, திரும்பி வந்தது, ஆங்கிலேயர் பிடித்தார்கள், திருப்பிக் கொடுத்தார்கள். 1825இல் ஊர் முடிவாக ஆங்கிலேயர் கைக்குப் போனபோது கோட்டை ஏற்கெனவே இடிபாடு.

காரைக்குடியில் செட்டிநாட்டு வீடுகளிலிருந்து வந்த எனாமல் பாத்திரங்களையும் மரத் தூண்களையும் விற்கும் கடைத்தெரு உண்டு. புதுச்சேரியில் பிரெஞ்சுக் காலத்து நாற்காலி கிடைக்கும். பழவேற்காட்டில் அப்படி ஒரு பழம்பொருள் கடைத்தெரு கிடையாது. இங்கே பழம்பொருள்கள் மண்ணில் ஊன்றி நிற்கின்றன. டச்சுக் கல்லறைத் தோட்டத்தின் நுழைவாயிலில் கல்லில் செதுக்கிய இரண்டு எலும்புக்கூடுகள் காவல் நிற்கின்றன. உள்ளே போய்க் குனிந்து பார்த்தால், கல்லறைகளை மூடிய பெரும் கற்பலகைகளில் டச்சு எழுத்துகள் இன்னும் விரலுக்குத் தட்டுப்படும் ஆழத்தில் இருக்கின்றன. குடும்பச் சின்னங்களும் அவற்றைச் சுற்றி இலைக்கொடிகளும் ஓடுகின்றன. இந்த இடம் இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளது. செம்புரைக்கல்லால் கட்டிய ஆதிநாராயணப் பெருமாள் கோயிலில், விரல் அளவு உருவங்களில் ராமாயணக் காட்சிகள்.

இப்படிப்பட்ட ஊர்களில் யாராவது பழைய காசு, பழைய சிலை என்று காட்டினால் வாங்கும் முன் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி, நூறு ஆண்டு கடந்த காசும் சிலையும் தொல்பொருள்தான். அவற்றை விற்கும் வணிகரிடம் உரிமம் இருக்க வேண்டும். தனியார் யாரும் நாட்டைவிட்டு வெளியே கொண்டுபோகக் கூடாது.

உயிரோடு இருக்கும் பழமையைப் பார்க்க மீன் ஏலத்துக்குத்தான் போக வேண்டும். சில்காவுக்கு அடுத்தபடி இந்தியாவின் பெரிய உவர்நீர் ஏரி பழவேற்காடு. படகுகள் கரை சேர்ந்ததும் இறால், நண்டு, மடவை, கெளுத்தி என்று கூடை கூடையாகக் கொட்டுகிறார்கள். விலை கேட்கும் குரல் ஏறிக்கொண்டே போய்ச் சட்டென்று நிற்கும். அடுத்த கணம் அந்தக் குவியல் வேறொருவர் ஐஸ் பெட்டிக்குள். கட்டிவைத்த சேற்று நண்டுகள் உயிரோடு சிங்கப்பூர் வரை போகின்றன. தள்ளி உட்கார்ந்திருக்கும் பெண்களிடம் கருவாடு. எண்ணெயில் பொரிக்கும் இறாலின் மணத்தைக் கடந்து பசியோடு போவது யாருக்கும் எளிதல்ல.

இந்த ஏலத்துக்குப் பின்னால் நிற்கும் ஏற்பாடு எந்தப் பழம்பொருள் கடையிலும் கிடைக்காதது. அதற்குப் பெயர் பாடு. ஏரியில் இறால் படும் இடங்களை மீனவக் கிராமங்கள் தமக்குள் பிரித்து, முறை வைத்து வலை போடுகின்றன. இன்று இந்த ஊருக்கு இந்த இடம் என்றால் அடுத்த முறை வேறு இடம். ஊருக்குள் யார் எங்கே என்பதைச் சீட்டுப் போட்டு முடிவு செய்வார்கள். நல்ல இடத்தை வலுத்தவன் வளைத்துப் போட முடியாது. பொதுச்சொத்தைப் பங்கிடுவது பற்றி உலகெங்கும் ஆய்வு செய்பவர்கள் இந்த முறையைத் தேடி வந்து எழுதியிருக்கிறார்கள். பாடு இல்லாத சாதியினருக்கு இதில் இடமில்லை என்ற குறையும் நெடுநாளாக உண்டு. இப்போது அதைவிடப் பெரிய கவலை முகத்துவாரம். மணல் அடைத்துக்கொண்டால் கடல் நீர் ஏரிக்குள் வராது, இறால் குஞ்சும் வராது. பங்கிடுவதற்கு ஒன்றும் இருக்காது.

ஊரின் முஸ்லிம் பெண்கள் பனையோலையில் முடையும் பெட்டிகளும் கூடைகளும் இங்கே வாங்க வேண்டிய மற்றொரு பொருள். சாயமேற்றிய ஓலையை நகத்தால் கிழித்துச் சன்னமாக்கி அவர்கள் பின்னும் வேகத்தை நின்று பார்க்கலாம். கருவாட்டுக் கூடைக்குப் பக்கத்திலேயே இவற்றுக்கும் நல்ல கடை அமைந்தால் பயணிகள் வெறுங்கையோடு போக மாட்டார்கள்.

துணி மட்டும் பழவேற்காட்டை விட்டுப் போய்விட்டது. இந்தக் கரையின் கட்டம் போட்ட துணி ‘மெட்ராஸ் கைக்குட்டை’ என்ற பெயரில் மேற்கு ஆப்பிரிக்கா போனது. நைஜீரியாவின் கலபாரி மக்கள் பிறப்புக்கும் சாவுக்கும் அதைப் பயன்படுத்தினார்கள். அவர்களின் பெண்கள் அந்தத் துணியில் சில இழைகளை மட்டும் கத்தியால் வெட்டி உருவி, நெய்தவனே நினைத்துப் பாராத புதுக் கோலங்களை உண்டாக்கினார்கள். பர்மா, மலேயா, இலங்கை என்று வேறு திசைகளில் போனது லுங்கி. பழவேற்காட்டின் பெயர் ஒட்டிக்கொண்ட லுங்கி வகை இன்றும் சந்தையில் உண்டு.

அந்த வகையறாவை நெய்யும் தறிகளைத் தேடினால் பயணம் திருத்தணிக்கே திரும்புகிறது. பொதட்டூர்பேட்டை, அம்மையார்குப்பம், ஆர்.கே.பேட்டை, பள்ளிப்பட்டு என்று மலையைச் சுற்றிலும் நெசவூர்கள். இங்குள்ள நெசவுச் சமூகத்தினரான செங்குந்தர்கள் முருகனின் படைத்தளபதி வீரபாகுவின் வழியில் வந்தவர்களாகத் தம்மைச் சொல்லிக்கொள்வார்கள். ஆடிக் கிருத்திகைக்கு மலர்க் காவடி தூக்குவது அவர்களுக்குக் குடும்பக் கடமை. சாயம் தோய்த்த நூலைப் பாவாக ஓட்டி, ஊடையில் அதே நிறங்களை எண்ணிக்கை தப்பாமல் மாற்றினால்தான் கட்டம் சதுரமாக விழும். ஓர் இழை அறுந்ததைக் கவனிக்காமல் விட்டால் முழம் முழமாகக் கோடு ஓடிவிடும் என்பதால், விசைத்தறியானாலும் கண் அகலக் கூடாது.

இந்த நெசவு வட்டாரத்தை மாநில எல்லையும் பிரித்தது. தமிழறிஞர் மங்கலங்கிழாரும் தமிழரசுக் கழகத் தலைவர் ம.பொ.சி.யும் நடத்திய எல்லைப் போராட்டத்தின் பயனாக, நடுவர் படாஸ்கர் முன்வைத்த தீர்வின்படி 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி ஆந்திராவின் சித்தூர் மாவட்டத்திலிருந்து சென்னை மாநிலத்துக்கு வந்தது. பதிலுக்குச் செங்கல்பட்டு, சேலம் மாவட்டங்களிலிருந்து சில பகுதிகள் ஆந்திராவுக்குப் போயின. எல்லைக் கோடு வட்டாரத்தின் நடுவே விழுந்தது. ஆந்திரப் பக்கம் நகரியிலும் புத்தூரிலும் இதே விசைத்தறிகள். பள்ளிப்பட்டுத் தறிப்பட்டறைகளில் தமிழும் தெலுங்கும் கலந்துதான் கூலி பேசுகிறார்கள். நூல் விலை ஏறும் மாதங்களில் இரு மாநிலத் தறிக்காரர்களும் ஒரே கோரிக்கையைத் தத்தம் அரசிடம் கொண்டுபோகிறார்கள்.