துணி விற்று வாங்கிய நிலம்

சென்னையிலிருந்து மாமல்லபுரம் போகும் சாலையில், ஈஞ்சம்பாக்கத்தில் இருக்கும் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் ஒரு வாக்கியத்தைத் தவறாமல் எழுதிவிடுகிறார்கள்: ஓவியர்கள் பாத்திக் துணி செய்து விற்றார்கள், அந்தப் பணம் நிலம் வாங்க உதவிற்று. பிறகு பேச்சு சித்திரத்துக்கும் சிற்பத்துக்கும் போய்விடுகிறது. துணியின் சரித்திரம் அந்த ஒரு வாக்கியத்தோடு தீர்ந்துபோகிறது. ஜீவனோபாயத்துக்குச் செய்தது கலையாகாது என்ற முடிவு, யாரும் விவாதிக்காமலே, அதில் ஒளிந்திருக்கிறது.

சென்னை ஓவியப் பள்ளி 1850இல் அலெக்ஸாண்டர் ஹன்டர் என்ற மருத்துவரால் தொடங்கப்பட்டது. கைத்தொழில் கற்பிப்பதே அதன் முதல் நோக்கம். ஒரு நூற்றாண்டுக்குப் பின், 1957இல் கே.சி.எஸ். பணிக்கர் முதல்வரானபோது, அங்கிருந்து வெளியேறிய ஓவியனுக்குப் படம் வாங்க ஆளில்லை. விளம்பரக் கம்பெனியோ டிராயிங் மாஸ்டர் வேலையோதான் கதி. பணிக்கரின் யோசனை எளியது: நாளில் ஒரு பகுதியைக் கைவினைக்குக் கொடுத்து, மற்றதைச் சொந்த ஓவியத்துக்கு மீட்டுக்கொள்வது. 1960களின் முற்பகுதியில் ஓவியர் கைவினைச் சங்கம் உருவாயிற்று. பாத்திக் விற்றது. 1966இல் கடலோர மணலில் கிராமம் எழுந்தது. அரசு மானியத்தையோ பிரபுக்களின் தயவையோ நம்பி எழுந்ததல்ல அது. நம் நவீன ஓவியம் தன் சுதந்திரத்தைத் துணியை விற்று வாங்கியது.

அந்தத் துணியில் என்ன நடந்தது? உருக்கிய மெழுகைத் தூரிகையால் துணியில் இடுகிறான். மெழுகு பட்ட இடத்தில் சாயம் ஏறாது. வெளிர்நிறத்தில் தொடங்கி, ஒவ்வொரு நிறத்துக்கும் காக்கவேண்டிய பகுதியை மூடி மூடி, கடைசியில் கறுப்புக்கோ கருநீலத்துக்கோ போகிறான். தொட்டி சூடாக இருந்தால் மெழுகு உருகிவிடும். குளிர்ந்த நீரில் ஏறும் சாயம்தான் ஆகும். தேன்மெழுகு வளைந்துகொடுக்கும், பாரஃபின் கலந்தால் விரியும், விரிசலில் சாயம் கசிந்து நரம்போடும். முடிவில் கொதிநீரில் மெழுகை எடுத்த பிறகுதான் படம் முழுதாகத் தெரியும்.

இங்கே ஓவியன் வரைவது வரப்போகிற நிறத்தை அல்ல, வரக்கூடாத இடத்தை. மெழுகு சில நொடிகளில் இறுகிவிடுவதால் கோடு தயங்க முடியாது; தவறினால் அழிக்கவும் முடியாது. சென்னை ஓவியர்களின் தனி அடையாளம் கோடு என்று விமர்சகர்கள் சொல்லிவருகிறார்கள். பணிக்கரின் ‘சொற்களும் குறியீடுகளும்’ வரிசை 1963இல், இதே காலத்தில்தான், தொடங்குகிறது. பாத்திக் இல்லாவிட்டால் அந்தக் கோடு வந்திராது என்று நான் வாதிடவில்லை. கோட்டின் பூர்வீகத்தைக் கோயில் சிற்பத்திலும் ஜாதகக் கட்டத்திலும் தேடுகிறவர்கள் மெழுகுச் சட்டியை மட்டும் எட்டிப் பார்க்காதது ஏன் என்று கேட்கிறேன்.

பாத்திக் நமக்கு வந்த வழியும் யோசிக்கத் தக்கது. தாகூர் 1927இல் ஜாவா போய் வந்த பிறகு அது சாந்திநிகேதனில் வேரூன்றி, அங்கிருந்து மற்ற இடங்களுக்குப் பரவிற்று. ஆனால் மெழுகிட்டுச் சாயமேற்றுவது இந்தக் கரைக்குப் புதிதல்ல. நீலத்தொட்டியில் முக்குமுன் மற்ற இடங்களை மெழுகால் மூடுவதும், படிகாரம் ஊட்டிய துணியில் சாயவேரின் சிவப்பை ஏற்றுவதும் இங்கே பழைய தொழில். தஞ்சை மராட்டிய மன்னர்களுக்காகக் கோடாலிக்கருப்பூரில் ஜரிகையும் மெழுகும் சேர்ந்த புடவைகள் செய்யப்பட்டன. பதினேழாம் நூற்றாண்டில் பழவேற்காட்டு டச்சுக்காரர்கள் இக்கரைத் துணியைக் கொண்டுபோய்த்தான் ஜாவாப் பக்கத் தீவுகளில் மிளகும் கிராம்பும் வாங்கினார்கள். 1868இல் ஜெர்மனியில் அலிஸரினைச் செயற்கையாகச் செய்துவிட்டபின் சாயவேர் தோண்டுகிறவனுக்கு வேலை குறைந்தது. ஐரோப்பியர் வாயில் கோரமண்டலாகித் துணிக்குப் பேர்போன சொல்லே சோழமண்டலம். அந்தப் பெயரில் நமக்குப் பேரரசு கேட்கிறது; சாயக்காரன் கேட்பதில்லை.

கிராமத்துக்கு வெளியேயும் இதே கதைதான். ரெட்டப்ப நாயுடுவும் ஆதிமூலமும் சென்னை நெசவாளர் சேவை மையத்தில் வேலை பார்த்தவர்கள். சிறுபத்திரிகை அட்டைகளில் ஆதிமூலத்தின் கோட்டைக் கண்டு பரவசப்பட்ட நாம், அதே கை பகலில் தறிக்கு டிசைன் போட்டதை உத்தியோகம் என்று ஒதுக்கிவிட்டோம்.

ஓவியங்களுக்கே விலை கிடைக்கத் தொடங்கிய பின் கைவினை பின்னுக்குப் போயிற்று. சோழமண்டலத்தில் பாத்திக் செய்தவர்களுள் ஒருவரான எஸ்.ஜி. வாசுதேவ் 1988இல் பெங்களூருக்குக் குடிபோய், பிற்பாடு ஒரு நெசவாளருடன் சேர்ந்து தன் ஓவியங்களை நெய்வித்தார். அவை சுவரில் தொங்குவதால் விமர்சனம் அவற்றைக் கலையென ஏற்றுக்கொண்டது. 1960களின் பாத்திக்கோ உடுத்தப்பட்டது, துவைக்கப்பட்டது, நிறம் போனது, கடைசியில் கரித்துணியானது. பயன்பட்டதே அதன் குற்றம்.

ஆகவே இந்தச் சரித்திரத்தை மியூசியத்தில் உட்கார்ந்து எழுத முடியாது. அன்று வாங்கிய புடவையோ ஜன்னல் திரையோ சில வீட்டு டிரங்குப் பெட்டிகளில் இன்னும் மடிப்புக் கலையாமல் இருக்கக்கூடும். வாங்கியவர்களுக்கு வயதாகிவிட்டது. போய்க் கேட்டு, விரித்து, விரிசல் ஓடிய திசை உட்பட எல்லாவற்றையும் குறித்துக்கொள்ள வேண்டும். அதற்குப் பிறகு கலையா இல்லையா என்று தாராளமாகச் சண்டை போடலாம்.