அலசின தண்ணீர்

எங்கள் ஊர் ஆற்றில் இரண்டு துறைகள் உண்டு. மேலே குடி தண்ணீர்த் துறை. மூங்கில் தோப்பைத் தாண்டிக் கீழே வண்ணான் துறை. சிறு வயதில் ஒரு நாள், விளையாடிய களைப்பில் கீழ்த் துறையிலேயே இறங்கி இரண்டு கை தண்ணீர் அள்ளிக் குடித்துவிட்டேன். பாட்டி முதுகில் ஒன்று வைத்தாள். "துணி அலசின தண்ணியிலே ஊரோட நோயெல்லாம் இருக்குடா!" என்றாள்.

அன்று அதை வெறும் மடி ஆசாரம் என்று நினைத்தேன். பின்னால் சரித்திரத்தைப் புரட்டியபோதுதான், அந்த ஒரு வாக்கியத்தைக் கற்றுக்கொள்ள மற்ற இடங்களில் எத்தனை உயிர்கள் செலவாயின என்று தெரிந்தது.

1832-ல் இங்கிலாந்தின் லிவர்பூல் நகரத்தைக் காலரா பிடித்தது. அங்கே ஏழைகள் வசித்த ஒரு தெருவில் கிட்டி வில்கின்ஸன் என்ற அம்மாள் இருந்தாள். அயர்லாந்தில் பிறந்து, குழந்தையாக லிவர்பூலுக்கு வரும்போதே கப்பல் விபத்தில் தகப்பனாரைப் பறிகொடுத்தவள். அவள் வீட்டில் பெரிய சொத்து என்று ஒன்று இருந்ததானால், அது ஒரு வெந்நீர்க் கொப்பரை. நோய் கண்ட வீடுகளின் துணிமணிகளைக் கொண்டு வந்து துவைத்துக்கொள்ளும்படி அண்டை அயலாரை அழைத்தாள். கட்டணம் வாரத்துக்கு ஒரு பென்னி. கொதிக்கும் நீர், சலவைச் சுண்ணாம்பு. நம் ஊர் வெள்ளாவிக்கு ஒன்றுவிட்ட சகோதரி என்று வைத்துக்கொள்ளுங்களேன்!

காலராவுக்குக் காரணம் ஒரு கிருமி என்று அன்றைய வைத்தியர்களுக்கே தெரியாது. ஆனால் கொப்பரைக்குத் தெரிந்திருந்தது. கொதி நீரில் அந்தக் கிருமி பிழைக்காது.

1842-ல் அந்த நகரத்திலேயே, பிரெடரிக் தெருவில், பொதுக் குளியல் அறைகளும் சலவைச் சாலையும் திறக்கப்பட்டன. 1846-ல் ஊருக்கு ஊர் இப்படிக் கட்டிக்கொள்ளப் பார்லிமெண்டு சட்டம் செய்தது. அதே வருஷம் கிட்டி அம்மாளும் அவள் கணவரும் பிரெடரிக் தெருச் சாலைக்கு மேற்பார்வையாளர்கள் ஆனார்கள். காசைப் போட்டுத் துணியைத் துவைத்துக்கொண்டு போகிற இன்றைய சலவைக் கடைகளுக்கெல்லாம் அந்தச் சாலைதான் மூதாட்டி.

கதை இங்கே முடிந்தால் சுபம். துணி வெளுத்துவிட்டது, சரி. தண்ணீர் எங்கே போயிற்று?

1854-ல் லண்டனில், பிராட் தெருவில், ஒரு கைக்குழந்தைக்குப் பேதி கண்டது. தாய் அதன் துணிகளை வாளியில் அலசி, அந்த நீரை வீட்டு முன் இருந்த கழிவுக் குழியில் கொட்டினாள். எந்தத் தாயும் செய்கிற காரியந்தான். குழியின் செங்கற்கள் இற்றுப் போயிருந்தன. மூன்றடி தூரத்தில் தெருக் கிணறு. அந்தக் கிணற்றால் மாண்டவர்கள் 600 பேருக்கு மேல். டாக்டர் ஜான் ஸ்நோ கிணற்றின் மேல் குற்றம் சாட்டினார். குழந்தையின் துணியையும் குழியையும் அடுத்த வருஷம் துப்புத் துலக்கியவர் ஹென்றி வொயிட்ஹெட் என்ற பாதிரியார்.

1884-ல் நம் தேசத்திலேயே இதற்குச் சாட்சி கிடைத்தது. ஜெர்மானிய அறிஞர் ராபர்ட் கோக் கல்கத்தாவுக்கு வந்து, காலரா பரவிய ஒரு குளத்தின் நீரில் அந்தக் கிருமியைக் கண்டார். கரையில் முதலில் மாண்டவரின் துணியை அந்தக் குளத்தில்தான் அலசியிருந்தார்கள்!

பிறகு யந்திரங்களின் காலம் வந்தது. 1934-ல் அமெரிக்காவில், டெக்ஸாஸ் மாகாணத்துப் போர்ட் வொர்த் நகரில், மின்சாரச் சலவை யந்திரங்களை வாடகைக்கு விடும் கடை திறந்தார்கள். இரண்டாம் உலக யுத்தத்துக்குப் பின் சோப்பின் இடத்தை டிடர்ஜெண்டு பிடித்தது. அன்றைய டிடர்ஜெண்டு மண்ணில் எளிதாகச் சிதையாது. நியூயார்க்கை அடுத்த லாங் ஐலண்டில் பல இடங்களில் பாதாளச் சாக்கடை இல்லை. வீடுகளும் சலவைக் கடைகளும் நீரைத் தரைக்குள் இறக்கின. அதே தரையிலிருந்து கிணறுகள் நீரை மேலே எடுத்தன. குழாயைத் திறந்தால் குடிக்கிற தண்ணீர் நுரைத்தது! 1965-ல் அமெரிக்கக் கம்பெனிகள் சிதையக்கூடிய சரக்குக்கு மாறின. அப்படியும் மனம் ஆறாமல், அங்கே சபோக் கவுண்டியில் 1971-ல் அநேகமாக எல்லா டிடர்ஜெண்டுகளின் விற்பனையையும் தடுத்தார்கள்.

பழைய யந்திரம் ஒரு தடவைக்குச் சுமார் 150 லிட்டர் குடித்தது. புது யந்திரத்துக்கு அதில் பாதிகூட வேண்டாம். நல்லதுதான். ஆனால் தண்ணீர் குறைந்ததனால் அழுக்குக் குறைந்துவிடுமா? அதே அழுக்கு, கொஞ்சம் நீரில் கெட்டியாகிப் போகிறது; அவ்வளவுதான்.

பாட்டி சொன்னது சாஸ்திரத்துக்கு ஒத்த உண்மை என்று இப்போது தெரிகிறது. ஆனாலும் அவளிடம் கேட்காமல் விட்ட கேள்வி ஒன்று உண்டு. பேதி கண்ட வீட்டுத் துணிகளை மூட்டை கட்டி யார் தலையில் ஏற்றினோம்? கீழ்த் துறை நீரில் இடுப்பளவு நின்று அவற்றை அலசிய குடும்பத்துக்கு எந்தத் துறை குடி தண்ணீர்த் துறை?

எங்கள் வண்ணான் துறைக்கு இரண்டு மைல் கீழே அடுத்த ஊர். அவர்களுக்கும் இரண்டு துறைகள் உண்டு. அவர்களுடைய மேல் துறைக்கு வந்து சேர்ந்தது எங்கள் கீழ்த் துறைத் தண்ணீர்தான்.