நீதிமன்றச் செலவு (மலேசியா)

மலேசியாவில் உரிமையியல், குற்றவியல் நீதிமன்றங்களை நடத்தும் செலவு கூட்டரசு அரசாங்கத்துடையது. அரசியலமைப்பின் ஒன்பதாவது அட்டவணை நீதி நிர்வாகத்தைக் கூட்டரசுப் பட்டியலில் வைத்திருக்கிறது. எனவே கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸ் கடைக்காரரோ கிள்ளான் வீட்டுக்காரரோ மாநகர் மன்றத்துக்குக் கட்டும் மதிப்பீட்டு வரியிலிருந்து மாஜிஸ்திரேட்டுக்குச் சம்பளம் போவதில்லை, மன்றம் கொடுத்த சம்மன் அவர் முன்தான் விசாரணைக்கு வந்தாலும்கூட. கூட்டரசு நீதிமன்றம், உயர் நீதிமன்றம் போன்றவற்றின் நீதிபதிகளுக்கான ஊதியம் திரட்டு நிதியின் மீதே சாட்டப்பட்டது.

ஷரியா நீதிமன்றங்களின் கதை வேறு. அவை மாநிலப் பட்டியலில் அடங்குபவை. கிள்ளானில் அவற்றின் செலவு சிலாங்கூர் அரசைச் சேர்ந்தது. 1974 பிப்ரவரி 1 அன்று சிலாங்கூரிலிருந்து பிரிந்து கூட்டரசுப் பிரதேசமான கோலாலம்பூரில் அதுவும் கூட்டரசின் தலையில்தான். ஒரே கிள்ளான் பள்ளத்தாக்கு, இரண்டு கஜானா.