ஓடாத ரதங்கள்

மாமல்லபுரத்தில் ஐந்து ரதங்களைச் சுற்றிப் பார்க்கிறவர்கள் கடைசியில் ஒரு கேள்வி கேட்காமல் இருப்பதில்லை. "இது எந்தச் சாமி கோயில்? பூஜை உண்டா?" என்பார்கள். பூஜை கிடையாது. பாண்டவர்களுக்கும் இவற்றுக்கும் சம்பந்தமும் கிடையாது. அவை பிற்கால ஜனங்கள் பிரியமாக வைத்த பெயர்கள். ரதம் என்று பெயர், சக்கரம் இல்லை. கோயில் போல இருக்கிறது, முடிக்கவில்லை. தர்மராஜ ரதத்தின் மேல் நிலைகளில் அற்புதமான வேலைப்பாடு. கீழ்த்தளமோ கரடு முரடாக நிற்கிறது. பாறையை உச்சியிலிருந்து செதுக்கிக்கொண்டே வந்தவர்கள் பாதியில் உளியை வைத்துவிட்டுப் போனார்கள்.

பின் எதற்காகச் செய்தார்கள்? மரத்திலும் செங்கல்லிலும் கட்டி வந்த கோயில் வகைகளைக் கல்லில் செய்து பார்த்த மாதிரிகள் இவை என்று அறிஞர்கள் பலர் கருதுகிறார்கள். ஒன்று குடிசை, ஒன்று வண்டிக் கூண்டு, ஒன்று யானையின் முதுகு, இரண்டு, அடுக்கு விமானங்கள். ஏழாம் நூற்றாண்டுச் சிற்பி, "இப்படிக் கட்டினால் எப்படி இருக்கும்?" என்று கல்லிலேயே யோசித்திருக்கிறான்.

நான் சொல்ல வந்தது கல்லைப் பற்றி அல்ல, காரைப் பற்றி. மாமல்லபுரத்திலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாகச் செங்கல்பட்டுக்கு வந்து, சென்னைச் சாலையில் திரும்பினால் மறைமலை நகர் வருகிறது. அங்கே அமெரிக்காவின் ஃபோர்டு கம்பெனி தொழிற்சாலை கட்டியது. அந்தக் கம்பெனி பிறந்த ஊரான டெட்ராய்ட் பக்கத்தில், இருபதாம் நூற்றாண்டின் நடுவிலே, பல்லவச் சிற்பிகள் செய்த அதே காரியத்தைச் செய்தார்கள். கடைக்குப் போகாத வண்டிகளை, "இப்படி இருந்தால் எப்படி இருக்கும்?" என்று பார்ப்பதற்காகவே கட்டினார்கள்.

இதைத் தொடங்கி வைத்தவர் ஹார்லி ஏர்ல். ஹாலிவுட்டில் கோச்சு வண்டி கட்டுகிறவரின் பிள்ளை. சினிமா நட்சத்திரங்களுக்கு ஆடம்பரக் கார்கள் செய்து பேரெடுத்தவரை 1927-ல் ஜெனரல் மோட்டார்ஸ் அழைத்துக்கொண்டது. காரை முழு அளவில் களிமண்ணிலே பிடித்துப் பார்க்கும் வழக்கத்தை அங்கே வேரூன்றச் செய்தவர் அவர்தான். 1938-ல் 'ப்யூக் ஒய்-ஜாப்' என்ற வண்டியைச் செய்தார். விளக்குகள் மூடிக்குள் ஒளிந்திருக்கும், கண்ணாடிகள் மின்சாரத்தில் ஏறி இறங்கும், ஏறுபடி கிடையாது. விற்பனைக்கு ஒன்றுகூட வரவில்லை; ஏர்ல் மட்டும் அதைத் தம் சொந்த வண்டியாகப் பல வருஷம் ஓட்டித் திரிந்தார்! 1951-ல் ஜெட் விமானத்தின் பெயரைக் கொண்ட 'லே சேபர்' வந்தது. மழைத் துளி பட்டால் யாரும் தொடாமலே அதன் கூரை மூடிக்கொள்ளும்.

1953 ஜனவரியில், நியூயார்க் வால்டார்ஃப் அஸ்டோரியா ஹோட்டலில் நடந்த கண்காட்சியில், 'கார்வெட்' என்ற வெள்ளை வண்டியை நிறுத்தினார்கள். ஜனங்கள் மொய்த்தார்கள். ஆறே மாதத்தில் உற்பத்தி தொடங்கிவிட்டது. எஃகுத் தகட்டுக்கு அச்சு செய்யக் காலமும் பணமும் ஆகும் என்று கண்ணாடி இழையில் உடலை வார்த்தார்கள். அந்த வருஷம் செய்தவை 300 வண்டிகள். ஆனால் பார்வைக்குப் புலி, பாய்ச்சலில் பசு. சாதாரண ஆறு சிலிண்டர் இன்ஜின்தான் உள்ளே இருந்தது. வாங்கியவர்கள் முகம் சுளித்தார்கள்.

அந்தக் கண்காட்சிக் கூட்டத்தில் ஸோரா ஆர்கஸ்-டன்டாவ் என்ற இன்ஜினீயர் நின்றிருந்தார். வண்டியின் அழகில் சொக்கிப்போய்க் கம்பெனிக்குக் கடிதம் எழுதி, அங்கேயே வேலைக்கும் சேர்ந்தார். கார்வெட்டை உண்மையான பந்தயக் குதிரையாக ஆக்கியவர் அவர். அவருக்கு ஓர் ஆசை. இன்ஜின் முன்னால் இருக்கக் கூடாது, ஓட்டுகிறவனின் முதுகுக்குப் பின்னால் இருக்க வேண்டும் என்பது. 1960-ல் அப்படி ஒரு மாதிரி வண்டி செய்து காட்டினார். மேலிடத்தார் பார்த்தார்கள், பாராட்டினார்கள், ஒதுக்கி வைத்தார்கள். 1996-ல் அவர் காலமானார். நடுவில் இன்ஜின் வைத்த கார்வெட் விற்பனைக்கு வந்தது 2020-ம் வருஷ வண்டியாகத்தான். விதை போட்டு அறுபது வருஷம்! மரத்தைப் பார்க்க விதைத்தவர் இல்லை.

ஃபோர்டு கதை வேறு தினுசு. 1962-ல் வாட்கின்ஸ் கிளென் பந்தயத் திடலில் 'மஸ்டாங்' என்ற இரட்டை ஆசன வண்டியைப் பந்தய வீரர் டான் கர்னி ஓட்டிக் காட்டினார். கைதட்டல் பிரமாதம். ஆனால் 1964-ல் கடைக்கு வந்த மஸ்டாங்கில் நாலு ஆசனம், இன்ஜின் முன்னால். மாதிரியிலிருந்து எடுத்துக்கொண்டது பெயரையும் சில்லறை அம்சங்களையும்தான். அது முதல் வருஷத்திலேயே நாலு லட்சத்துக்கு மேல் விற்றது.

கிரைஸ்லர் கம்பெனியின் 'நார்ஸ்மன்' ஒரு சோக கதை. இத்தாலியில் டூரின் நகரத்துக் கியா பட்டறையில் செய்து, 'ஆந்திரேயா டோரியா' கப்பலில் ஏற்றினார்கள். 1956 ஜூலை 25 இரவு, அமெரிக்கக் கரைக்கு அருகே, மூடுபனியில் வேறொரு கப்பல் அதன் மேல் மோதியது. இரண்டு கப்பல்களிலுமாக 51 உயிர்கள் போயின. மறுநாள் காலை கப்பலோடு அந்தக் காரும் அட்லாண்டிக் கடலுக்குள் போயிற்று. ஜனங்கள் ஒரு தரம்கூடப் பார்க்காத ரதம் அது.

கடல் கொண்டதை விதி எனலாம். செய்தவர்களே அழித்ததை என்ன சொல்வது? பழைய மாதிரிகளை உடைத்துவிடும்படி கம்பெனிகள் உத்தரவு போட்டன. ஜெனரல் மோட்டார்ஸின் 1955-ம் வருஷத்துக் கண்காட்சி வண்டிகள் சில மிச்சிகனில் ஒரு பழைய இரும்புக் கடைக்குப் போய், முப்பது வருஷம் புல்லும் துருவுமாகக் கிடந்தன. ஒரு சேகரிப்பாளர் தேடிப் பிடித்து மீட்டபோது சில துண்டு துண்டாக இருந்தன.

நம் ஊரில் களிமண் மாதிரிக்கும் கண்காட்சிக்கும் பணம் ஏது? ஆனால் ஆசை இருந்தது. அப்போது செங்கல்பட்டு ஜில்லாவிலிருந்த சோழவரத்தில் யுத்த காலத்து விமான ஓடுபாதை ஒன்று உண்டு. 1953-ல் தோன்றிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அங்கே பந்தயம் நடத்தியது. அம்பாசிடரும் ஃபியட்டும் ஹெரால்டும் ஓடின. இறக்குமதிக்கு வழியில்லாத காலம். இருக்கிற வண்டியைப் பிரித்து, எடை குறைத்து, இன்ஜினை முடுக்கிப் புது வண்டியாக்கினார்கள். கோயம்புத்தூர் கரிவரதன் மாருதி 800 இன்ஜினை வைத்து ஒற்றை ஆள் பந்தய வண்டி செய்தார். அந்த வகை வண்டியில் ஸ்ரீபெரும்புதூர்ப் பந்தயத் தடத்தில் ஓட்டத் தொடங்கிய நரேன் கார்த்திகேயன் 2005-ல் ஃபார்முலா ஒன் பந்தயத்துக்குப் போனார். கரிவரதன் அதைப் பார்க்கவில்லை; 1995-லேயே விபத்தில் காலமாகிவிட்டார்.

மறைமலை நகரில் 1990-களின் இறுதியிலிருந்து செய்த ஃபோர்டு வண்டிகளில் ஒரு ரகம் அமெரிக்காவுக்கே கப்பலேறிப் போனது. 2021-ல் மூடுவதாக அறிவித்தார்கள். 2022-ல் கடைசி வண்டி வெளியே வந்தது. ஆயிரக்கணக்கான குடும்பங்களின் பிழைப்பு கலங்கியது. ஆனால் அதே செங்கல்பட்டுச் சாலையில், மகிந்திரா கம்பெனியின் ஆராய்ச்சிக் கூடம் 2012 முதல் நடக்கிறது. பிறர் வரைந்ததைப் பூட்டிக் கொடுத்த மண்ணில், இப்போது நம்மவர்களே வரைந்து பார்க்கிறார்கள்.

நாவல் எழுதுகிறவனுக்கு இதில் ஒரு பந்துத்துவம் உண்டு. அச்சேறிய ஓர் அத்தியாயத்துக்குப் பின்னால் கிழித்துப் போட்ட நாலு அத்தியாயம் இருக்கும். அவை இல்லாமல் இது இல்லை. பீம ரதத்தின் வண்டிக் கூண்டைப் பாருங்கள். தமிழ்நாட்டுக் கோபுரங்களின் உச்சியிலெல்லாம் அதுதான் உட்கார்ந்திருக்கிறது. திரௌபதி ரதத்தின் குடிசைக்கு அவ்வளவு சந்ததி இல்லை. அதனால் அதை யாராவது இடித்தார்களா?

ஆகவே இந்தச் சாலையில் வண்டி வரைகிறவர்களுக்கு என் விண்ணப்பம் ஒன்றுதான். கைவிட்ட மாதிரிகளைக் காயலான் கடைக்குப் போடாதீர்கள். ஒரு கொட்டகை போட்டு நிறுத்தி வையுங்கள். பல்லவ ராஜாக்கள் கல்லில் செய்ததால் தப்பித்தது. உடைக்கிற செலவு அதிகம். தகரத்துக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை.